பிள்ளைகள் சொன்ன ஊர்கள்

2014 முதல் ஆறு ஆண்டுகள் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய குழந்தைகள் உதவி மையத்தில் வேலை பார்த்தேன். மையம் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு தொலைபேசி, பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான். அந்த அலமாரியில் நீல அட்டை போட்ட என்னுடைய நோட்டு ஒன்று இருந்தது. நடைமேடைகளில் தனியாகக் கிடைத்த பிள்ளைகள் தங்கள் ஊர் என்று எதைச் சொன்னார்களோ அதை, அவர்கள் வாயில் வந்த ஒலியிலேயே, வரிக்கு ஒன்றாக அதில் எழுதி வந்தேன். அது உண்மையில் எந்த ஊர் என்று தெரியவந்த நாளில் எதிரே அந்தப் பெயரையும் எழுதுவேன். காணாமல் போன குழந்தைகளைத் தேடும் வேலை எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நோட்டுதான்.

தேடுதல் என்றதும் சுவரொட்டியும் கைப்பேசிக் கோபுரமும் கண்காணிப்புக் கேமராவும் மனத்தில் தோன்றுவது இயல்பு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பெற்றோரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது: பிள்ளை எங்கள் முன்னால் பூரி தின்றுகொண்டிருக்கும், அதைத் தேடுகிறவர்கள் எந்த மாநிலத்தில், எந்த மொழியில் தேடுகிறார்கள், தேடுகிறார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது.

தனியாக வந்த பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது பழகப் பழக வரும் ஒரு கண். அழுகிற பிள்ளை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு முன்பு கை நழுவிய பிள்ளை. அதன் தாய் அடுத்த நடைமேடையில் அலறிக்கொண்டிருப்பாள், ஒலிபெருக்கியில் ஒரு முறை அறிவித்தால் முடிந்துவிடும். நாங்கள் கவலைப்பட வேண்டியது அழாத பிள்ளையைப் பற்றித்தான். ஹௌரா மெயில் வந்து நின்று கூட்டம் முழுவதும் வாசலை நோக்கி நடக்கும்போது, போக இடமில்லாததால் அவசரமும் இல்லாமல் நடைமேடையின் கடைசி வரைக்கும் எதிர்த்திசையில் போய்த் திரும்பி வருகிற பையன். தண்ணீர்க் குழாயருகே ஒரே சட்டையைத் துவைத்து அது காயும் வரை அங்கேயே நிற்கிறவன். ஒரே கடையில் வாங்கிய மாதிரி புதுச் சட்டை போட்ட ஐந்தாறு சிறுவர்கள், அவர்களிடம் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஒரே ஓர் ஆள். ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்த ஏட்டையா ஒருவர் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டை விட்டுத் திட்டமிட்டு வந்தவன் செருப்போடு வருவான், கோபத்தில் கிளம்பியவன் வெறுங்காலோடு வருவான் என்பது அவர் கணக்கு. அது எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் கணக்குகளைவிட அதிகம் பலித்தது.

பேச்சைப் பெயரில் தொடங்கக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். பெயரையும் ஊரையும் கேட்பவர்கள் போலீஸ்காரர்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் ஒரு பொய்ப் பெயர் வரும், பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அது பாடுபடும். ஆகவே முதலில் சாப்பாடு. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இட்லி இறங்காது. இரண்டு நாள் பட்டினியாக இருந்த ஒருவன்கூட இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்ததுண்டு. பூரி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் எழுதாமல் இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் ‘அக்கா’ என்றும் மற்றவர்கள் ‘தீதி’ என்றும் தாமாகக் கூப்பிடும்போது உண்மையான பெயர் வந்துவிடும்.

பெயர் வந்த பிறகு ஊர். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு மாவட்டம், மாநிலம் என்பதெல்லாம் பொருளற்ற சொற்கள். அதற்குத் தெரிந்தது வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒலி மட்டும்தான். ஒரு பையன் ‘ரசோல்’ என்றான். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ரசூல்பூர் என்ற பெயரில் ஊர்களுக்குக் குறைவில்லை. மூன்று வாரம் அவற்றைச் சுற்றினோம். தன் ஊர்க் கடைத்தெருவில் வேறு நாட்டுப் பணமும் செல்லும் என்று அவன் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னபோதுதான் அது நேபாள எல்லையில் உள்ள ரக்ஸௌல் என்று புரிந்தது. சுத்தமான தமிழ் பேசிய இன்னொருவனை வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களில் தேடிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கு ‘பல்லெவெலுகு’வில் போவேன் என்று அவன் சொன்ன பிறகுதான், அது ஆந்திர அரசின் கிராமப் பேருந்துக்குப் பெயராயிற்றே என்று தேடலைச் சித்தூர்ப் பக்கம் திருப்பினோம். சந்தை எந்தக் கிழமை, ஆற்றில் எப்போது தண்ணீர் வரும், திருவிழாவில் எந்தச் சாமியைத் தூக்குவார்கள், பள்ளிச் சீருடை என்ன நிறம் என்பவைதான் எங்கள் கேள்விகள். பிள்ளைகள் இவற்றுக்குப் பொய் சொல்வதில்லை; சொல்லத் தோன்றுவதில்லை.

இந்த ஒலிக் குழப்பம் ஒரு வாழ்க்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சாட்சி சாரூ பிரைர்லி. மத்தியப் பிரதேசத்துக் காண்ட்வாவைச் சேர்ந்த அந்தச் சிறுவன் 1986இல், ஐந்து வயதில், புர்ஹான்பூர் நிலையத்தில் அண்ணனைத் தவறவிட்டு, நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிக் கல்கத்தா வரை போய்விட்டான். தன் பகுதியின் பெயரான ‘கணேஷ் தலாய்’ அவன் வாயில் ‘ஜினெஸ்ட்லே’ என்று வந்தது. அப்படி ஓர் ஊர் எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை. தெருவில் சில வாரங்கள், பிறகு இல்லம், அடுத்த ஆண்டு தத்தாகி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. ஹௌராவிலிருந்து புறப்படும் தண்டவாளங்களைக் கூகுள் எர்த்தில் இரவிரவாகப் பின்தொடர்ந்து 2011இல் அவர் தன் ஊரை அடையாளம் கண்டார். 2012இல் தாயைச் சந்தித்தார். எல்லோரும் தொழில்நுட்பத்தின் வெற்றியாக இந்தக் கதையைச் சொல்வார்கள். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது வேறு: 1986இல் அந்தச் சிறுவனிடம், உங்கள் ஊர் ரயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் என்னென்ன இருக்கும் என்று யாராவது பொறுமையாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் 25 ஆண்டுகளுக்குப் பிறகு திரையில் அடையாளம் கண்டதும் அந்த நினைவுகளை வைத்துத்தானே.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாக 1996இல் ஜெரூ பிலிமோரியா தொடங்கிய சைல்டுலைன் என்ற தொலைபேசி உதவிச் சேவை மூலம்தான். அதன் எண்ணான 1098ஐ ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று யாரும் சொல்வதில்லை. ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்று எண்ணிக்கையைப் பின்னோக்கிச் சொல்வதுபோல் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மறக்காது. சட்டம் இதைவிட மெதுவாகத்தான் வந்தது. பிள்ளையைக் காணோம் என்று காவல் நிலையத்துக்குப் போகும் ஏழைப் பெற்றோரிடம், உறவினர் வீட்டில் பாருங்கள், இரண்டு நாளில் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எந்த அளவுக்குப் போகும் என்பதை 2006 டிசம்பரில் நொய்டாவின் நிதாரி கிராமத்துச் சாக்கடையிலிருந்து எடுத்த, காணாமல் போன பிள்ளைகளின் எலும்புகள் நாட்டுக்குக் காட்டின. அங்கே பெற்றோர்கள் மாதக்கணக்கில் காவல் நிலையத்துக்கு நடந்திருந்தார்கள். குழந்தைகளுக்காகப் போராடும் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், வேறாக நிரூபிக்கப்படும் வரை அதைக் கடத்தலாகவே கருத வேண்டும் என்று ஆணையிட்டது. நான்கு மாதத்துக்குள் குழந்தை கிடைக்கவில்லை என்றால் விசாரணை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும் என்ற விதியும் இன்று இருக்கிறது.

2022ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 83,350 குழந்தைகள் காணாமல் போனதாகப் பதிவாகியிருப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் பார்க்கலாம். அவர்களில் 62,946 பேர் பெண் பிள்ளைகள். அதே ஆண்டில், முந்தைய ஆண்டுகளில் தொலைந்தவர்களையும் சேர்த்து, 80,561 பேர் மீட்கப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு பெண் பிள்ளைகள் என்ற கணக்கைப் பார்த்துப் பலர் கடத்தல் கும்பல்களைக் கற்பனை செய்கிறார்கள். கடத்தல் உண்டுதான். ஆனால் கட்டாயத் திருமணத்துக்கு அஞ்சிக் கிளம்பியவளும், காதலித்தவனோடு போனவளும், வீட்டுக்குள்ளேயே ஒருவன் செய்யும் கொடுமையிலிருந்து தப்பி வந்தவளும் அதே ஒரு கட்டத்துக்குள்தான் எண்ணப்படுகிறார்கள். காணாமல் போனாள் என்பது வீட்டில் இருப்பவர்களின் சொல். ரயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும்.

புகார் பதிவாகியிருந்தால்கூட அந்தப் புகாரும் எங்களிடமிருந்த பிள்ளையும் ஒன்றையொன்று கண்டுகொள்வது எளிதாக இருக்கவில்லை. மத்திய அரசின் டிராக்சைல்டு தளத்தில் ஒரு பக்கம் காவல் நிலையங்கள் காணாமல் போனவர்களைப் பதிய, மறுபக்கம் இல்லங்கள் கிடைத்தவர்களைப் பதிய வேண்டியிருந்தது. இரண்டும் பொருந்தினால் வெற்றி. ஒரே பெயரைப் பீகாரில் ஒரு விதமாகவும் சென்னையில் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போது எது பொருந்தும்? ஆகவே தளத்தில் ஏற்றிவிட்டு நாங்கள் தொலைபேசியை எடுத்துவிடுவோம். அந்தப் பகுதிக் காவல் நிலையம், ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், எதுவும் பலிக்காவிட்டால் பேருந்து நிலையத் தேநீர்க்கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண். இல்லங்களில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆதார் எடுக்கும்போது, கைரேகை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அதன் வழியே பழைய முகவரி கிடைத்த நிகழ்வுகளும் உண்டு. பேச முடியாத பிள்ளைகளுக்கு இது பெரிய வரமாக அமைந்தது என்பதை, ஆதாரைப் பற்றிப் பல சந்தேகங்கள் உள்ள நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதுச் சட்டைக் கூட்டங்களின் கதை தனி. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பட்டறைகளுக்கு அழைத்து வரப்படும் சிறுவர்களை நாங்கள் பார்த்தோம் என்றால், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனிகளுக்காக வெளிமாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட நம் பிள்ளைகளை அங்குள்ள அமைப்புகள் பார்த்தன. இவர்களில் பலரைப் பற்றிப் புகாரே இருக்காது, ஏனென்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்ததே வீடுதான். அப்பா எண் என்று அந்தச் சிறுவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் எண்ணில் அழைத்தால், ஆறு பேருக்கும் ஒரே ஆள்தான் அப்பாவாகப் பேசுவார்.

பிள்ளை கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோர் வந்தாலும் நாங்களாகக் கையில் பிடித்துக் கொடுத்துவிட முடியாது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான் முடிவு செய்யும். இந்தத் தாமதத்தை ஆரம்பத்தில் நான் வெறுத்தேன். பிள்ளையைப் பார்க்க இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்த தகப்பனை இன்னும் மூன்று நாள் காத்திருக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றியது.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு பெண் பிள்ளை. பதினான்கு வயது இருக்கும். சாப்பிட்டாள், பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், எல்லாமே உண்மை. வீட்டிலிருந்து வந்த தகப்பனார் குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் நறுவிசாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். என் முன்னால் உட்கார்ந்து அவர் அழுத அழுகையில் பொய் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ‘மகளை அனுப்பலாம்’ என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். குழுவின் உறுப்பினரான ஓர் அம்மையார் அதைப் படித்துவிட்டு, தகப்பனாரை வெளியே உட்காரச் சொல்லி, அவளிடம் ஒன்று மட்டும் கேட்டார்: ‘வீட்டுக்குப் போனதும் முதலில் எந்த அறையில் போய் உட்காருவாய், கண்ணு?’ அவள் பதில் சொல்லவில்லை. அன்று முழுவதும் சொல்லவில்லை. நான்காம் நாள் வரவேற்பு இல்லத்தில் ஆற்றுப்படுத்துநரிடம் பேசினாள். தாய்மாமனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவன் அந்த வீட்டிலேயே இருந்தான். நிச்சயம் செய்தது தகப்பனுக்குத் தெரியும், மற்றது தெரியாது. பிறகு போக்சோ சட்டப்படி வழக்கு நடந்தது, அவள் விடுதியில் தங்கிப் படித்தாள். என் குறிப்பின்படி நடந்திருந்தால் அவள் அன்று மாலை ரயிலிலேயே திரும்பியிருப்பாள், எங்கள் மாத அறிக்கையில் ‘குடும்பத்துடன் சேர்க்கப்பட்டவர்’ என்ற கட்டத்தில் ஓர் எண் கூடியிருக்கும்.

அந்தக் கட்டத்தைப் பற்றித் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. நன்கொடை தருபவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் வீடு சேர்ந்தார்கள் என்பது புரியும். எத்தனை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தினோம் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். ஒரே பையனை நாங்கள் மூன்று முறை வீடு சேர்த்தோம், மூன்று அறிக்கைகளில் மூன்று வெற்றிகளாக அவன் இடம்பெற்றான். ஒவ்வொரு முறையும் அப்பாவின் குடிதான் காரணம், ஒவ்வொரு முறையும் அப்பா இனிமேல் குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் முறை, அவன் ஊரிலேயே இருந்த சித்தி வீட்டில் தங்க வைக்கலாமா என்று விசாரித்து, அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து மாதம் ஒரு முறை யாராவது போய்ப் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்த பிறகுதான் அவன் வருவது நின்றது. அந்தச் சித்தியைப் பற்றி முதல் முறையே அவன் சொல்லியிருந்தான். நாங்கள் அதை முகவரி கண்டுபிடிக்க உதவும் தகவலாக மட்டுமே குறித்துக்கொண்டிருந்தோம்.

உதவி செய்ய விரும்பும் பொதுமக்களிடம் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு, அது வாட்ஸ்அப். ‘இந்தக் குழந்தை கிடைத்துள்ளது, பெற்றோரைச் சேரும் வரை பகிருங்கள்’ என்று படத்தோடு வரும் செய்திகளில், குழந்தை வீடு திரும்பி ஆண்டுக்கணக்கான பிறகும் சுற்றுபவை ஏராளம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. யாருக்குப் பயந்து பிள்ளை ஓடிவந்ததோ அவருக்கும் அந்தப் படம் போய்ச் சேரும் என்பது ஒரு காரணம். அச்சம் பரவினால் என்ன நடக்கும் என்பதை 2018இல் பார்த்தோம். கராச்சியில் காணாமல் போன குழந்தைகளுக்காக உழைக்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு அமைப்பின் விழிப்புணர்வுப் படம் ஒன்றில், இறுதியில் குழந்தையைத் திருப்பி விட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் பகுதியை வெட்டிவிட்டு, இரு சக்கர வண்டியில் பிள்ளையைத் தூக்கிப் போகும் காட்சியை மட்டும் இந்தியா முழுவதும் பரப்பினார்கள். வதந்திகள் பரவிய அந்த மே மாதத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த சில வாரங்கள், நடைமேடையில் ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது; அடையாள அட்டையைச் சேலைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டுதான் நடப்பேன். தனியாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் படம் எடுக்காமல் 1098ஐ அழையுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ ரயில்வே பாதுகாப்புப் படையிடமோ சொன்னாலும் போதும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காமல் இருப்பதே சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த 1098ஐ 2023 முதல் படிப்படியாக அரசே எடுத்துக்கொண்டு, அவசர உதவி எண்ணான 112உடன் இணைத்துவிட்டது. இதைப் பற்றி எங்கள் பழைய வட்டத்தில் கசப்பு அதிகம். எனக்கு இரண்டு மனம். சம்பளம் மூன்று மாதம் தாமதமாக வரும் தொண்டு நிறுவனப் பணியாளர்களை நம்பி ஒரு நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு நடக்கக் கூடாது, அது அரசின் கடமைதான். ஆனால் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளில் நிறைய, எதுவும் பேசாமல் துண்டிக்கப்பட்டவை. பத்து முறை மௌனமாக அழைத்துப் பார்த்துப் பதினோராம் முறை பேசும் பிள்ளைக்காகக் காத்திருப்பது, தீ விபத்துக்கும் சாலை விபத்துக்கும் வண்டி அனுப்பும் அவசரத்துக்குப் பழகியவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒன்று.

2020இல் வேலையை விட்டபோது நீல நோட்டை எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பு எதிர்ப்பக்கம் காலியாக இருந்த வரிகளை எண்ணினேன், பதினொன்று. அதில் கடைசி வரியில் ‘பொடாகுடா’ என்று இருக்கிறது. ஒடியாவும் தெலுங்கும் கலந்து பேசிய ஒரு சிறுமி சொன்னது. கோராபுட், ராயகடா பக்கம் குடா என்று முடியும் ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பேசிவிட்டோம். வீட்டுக்கு முன்னால் இரண்டு பனைமரம் உண்டு, மழை பெய்தால் பள்ளி கிடையாது, ஏனென்றால் ஓடையைத் தாண்ட முடியாது என்று அவள் சொன்னதையும் அந்த வரிக்குக் கீழே எழுதி வைத்திருந்தேன். போன மாதம் அந்தப் பெண் என்னை அழைத்து, இல்லத்தில் இருக்கும் அவளுக்கு இப்போது தமிழ்தான் நன்றாக வருகிறது, ஊர்ப் பெயரைப் ‘போத்தாகூடை’ என்று சொல்கிறாள், பழைய நோட்டில் நீங்கள் எழுதியிருப்பது சரியா என்று கேட்டாள். முதல் நாள் அவள் சொன்ன மாதிரியே எழுதினேன், அதையே வைத்துக்கொள், மாற்றாதே என்றேன்.